தெரியாது என்றவரின் கேள்வி



இந்த மாதப் பாடத்தை என்னோட ஒரு தப்பிலிருந்து தொடங்குறேன்.

உட்லண்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு நவக்கிரகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு தம்பி கையைத் தூக்கினான். வகுப்பிலேயே அதிகமாகக் கேள்வி கேட்பவன் அவன்தான்.

"அண்ணா, திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகும்போது சாட்டிலைட் எல்லாம் மூணு விநாடி நின்னு போகுமாமே? எங்க மாமா அனுப்பினாரு. உண்மையா?"

எனக்குத் தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்டா" என்றேன். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு.

தூங்கப் போகும் முன் கைத்தொலைபேசியை எடுத்து, முகம் தெரியாத ஆட்களிடம் எதையாவது கேட்பது என் பழக்கம். பூநாரை ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது? வெங்காயம் நறுக்கினால் ஏன் கண்ணில் தண்ணீர் வருகிறது? ஜோகூர் கடற்பாலத்தை எந்த ஆண்டு திறந்தார்கள்? ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் சம்பந்தமே இருக்காது. ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் பதில் போடுவார். நன்றி சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன். அன்றைக்கு இந்தச் சாட்டிலைட் கேள்வியையும் அதே மாதிரி போட்டேன்.

காலையில் பார்த்தால் பதினான்கு பதில்கள். பன்னிரண்டு பேர் "உண்மைதான்" என்றார்கள். அதில் இரண்டு பேர் நாசாவே ஒப்புக்கொண்டுவிட்டதாக எழுதியிருந்தார்கள். ஒருவர் சிரிப்புப் படம் போட்டிருந்தார். இன்னொருவர் மட்டும், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மற்றவர்களைக் கேட்டிருந்தார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும்தான்.

அடுத்த ஞாயிறு வகுப்பில், "ஆமாம் தம்பி, உண்மைதான்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி கேள்வியே கேட்காமல் உட்கார்ந்திருந்தான். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஸ்கூல்ல சொன்னேன் அண்ணா. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க இஞ்சினியரிங் படிக்கிறீங்க, நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்னு நான் சொன்னேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

தெரியாதவர்களிடம் கேட்டது தப்பா? இல்லை, வேறெங்கோ தப்பு நடந்ததா? இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

கேட்பது நம் மரபு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்பதை நம் மரபு மதித்திருக்கிறது. தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்லுக்கு வினவு என்றும் பொருள், காது கொடு என்றும் பொருள். திருக்குறளில் 42-ஆவது அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அங்கே அந்தச் சொல் அறிந்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதைக் குறிக்கிறது. கேட்கத் தெரிந்தவனுக்குக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நம் மொழியே சொல்லிக்கொடுக்கிறது.

சம்பந்தமில்லாத கேள்விகளுக்கும் இங்கே இடம் உண்டு. மகாபாரதத்தின் வன பர்வத்தில் பொய்கைக் கரையில் யட்சன் தருமரைக் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். பூமியைவிடக் கனமானது எது, காற்றைவிட வேகமானது எது, நோயாளிக்கு நண்பன் யார் என்று தாவித் தாவிப் போகும். இன்றைய பொது அறிவுப் போட்டி மாதிரியே இருக்கும். தருமருக்கு முன்னால் வந்த நகுலன், சகாதேவன், அர்ஜுனன், பீமன் நால்வரும் தாகத்தில் கேள்வியைப் பொருட்படுத்தாமல் தண்ணீரைக் குடித்து விழுந்தார்கள். தருமர் மட்டும் நின்றார். நின்று, தன் அறிவுக்கு எட்டிய அளவில் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். அந்த 'எட்டிய அளவில்' என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் அப்பா அம்மா தலைமுறைக்கு எழுத்தாளர் சுஜாதா இருந்தார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற பகுதியில், நேரில் பார்த்தே இராத வாசகர்கள் அனுப்பிய அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். ஆக, தெரியாதவர் கேட்பதும் தெரியாதவருக்குப் பதில் சொல்வதும் புதுசு இல்லை. சுஜாதா தன் பெயரைப் போட்டு எழுதினார். தப்பாக எழுதினால் அடுத்த வாரமே வாசகர்கள் பிடித்துவிடுவார்கள். எனக்குப் பதில் போட்ட பதினான்கு பேரை யாரும் பிடிக்க முடியாது.

ஆறு பேர், ஆறு கேள்விகள்

அதர்வ வேதத்தைச் சேர்ந்தது பிரச்ன உபநிஷதம். 'பிரச்னம்' என்றால் கேள்வி. ஒரு நூலுக்குப் பெயரே கேள்விதான்!

ஆறு பேர் கையில் சமித்தோடு பிப்பலாத முனிவரைத் தேடி வருகிறார்கள். ஆறு பேருக்கும் ஆறு கேள்வி. உயிர்கள் எங்கிருந்து பிறந்தன என்று கபந்தி கேட்கிறார். உடம்பைத் தாங்கும் சக்திகளில் எது பெரியது என்று பார்க்கவர் கேட்கிறார். பிராணன் எங்கிருந்து வந்து உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்பது கௌசல்யரின் கேள்வி. நாம் தூங்கும்போது உள்ளே யார் விழித்திருக்கிறார்கள், கனவைக் காண்பது யார் என்பது கார்க்கியரின் கேள்வி. கடைசி மூச்சு வரை ஓங்காரத்தைத் தியானித்தவர் எந்த உலகத்தை அடைவார் என்று சத்தியகாமர் கேட்கிறார். ஆறாவது சுகேசர். அவருக்குப் பிறகு வருவோம்.

முனிவர் உடனே பதில் சொல்லவில்லை. ஓராண்டு இங்கே தவத்தோடும் சிரத்தையோடும் இருங்கள், அப்புறம் வேண்டியதைக் கேளுங்கள், எங்களுக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்கிறோம் என்கிறார். இதில் இரண்டு விஷயம் இருக்கு. ஒன்று, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஓராண்டு. எனக்கு ஓர் இரவுகூட ஆகவில்லை. இரண்டாவது, 'தெரிந்திருந்தால்' என்ற நிபந்தனை. அவ்வளவு பெரிய ஞானி, கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே 'தெரிந்திருந்தால்' என்று சொல்லி வைக்கிறார்.

இப்போது சுகேசர். அவர் பிப்பலாதரிடம் கேட்டது அவருடைய சொந்தக் கேள்வியே இல்லை. கோசல நாட்டு இளவரசன் இரண்யநாபன் முன்பு ஒருநாள் அவரைத் தேடி வந்து, பதினாறு கலைகளை உடைய புருஷனைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறான். சுகேசருக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். தெரிந்திருந்தால் உனக்கு ஏன் சொல்லாமல் இருக்கப்போகிறேன், பொய் சொல்கிறவன் வேரோடு காய்ந்துபோவான், அதனால் பொய் சொல்ல என்னால் முடியாது என்றும் சொன்னார். இளவரசன் ஒன்றும் பேசாமல் தேரில் ஏறிப் போய்விட்டான்.

யோசித்துப் பாருங்கள். வந்திருப்பவன் ராஜகுமாரன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருந்தால் மரியாதை கிடைத்திருக்கும், ஒருவேளை பரிசும் கிடைத்திருக்கும். ஆனால் ஆறாவது கேள்வி அங்கேயே செத்துப் போயிருக்கும். தெரியாது என்று ஒப்புக்கொண்டதால்தான் அந்தக் கேள்வி அவருக்குள் உயிரோடு இருந்தது. அதைச் சுமந்துகொண்டு பிப்பலாதரிடம் வந்தார். பதிலும் கிடைத்தது. இன்றைக்கு நாம் அந்தப் பதிலைப் படிக்கிறோம் என்றால் ஒருவர் அன்றைக்கு "தெரியாது" என்றதுதான் காரணம்.

நான் என்ன செய்தேன்? ஒரு தம்பியின் கேள்வியைப் பொய்ப் பதிலால் மூடினேன். கேள்வி செத்தது. கேட்கும் ஆசையும் சேர்ந்து போச்சு.

காண்டல், கருதல், உரை

அப்படியானால் தெரியாதவர் சொல்வதை நம்பவே கூடாதா? இங்கே நம் தத்துவ நூல்கள் தெளிவான வழி காட்டுகின்றன.

ஒன்றை உண்மை என்று அறிய என்ன கருவி இருக்கிறது? அதற்கு வடமொழியில் பிரமாணம், தமிழில் அளவை என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், பல அளவைகளை எடுத்துச் சொல்லிவிட்டு, அவை மூன்றில் அடங்கிவிடும் என்கிறது. காண்டல், கருதல், உரை. நேரில் பார்த்து அறிவது காண்டல். தெரிந்ததை வைத்துக் கணக்குப் போட்டுத் தெரியாததை அறிவது கருதல். நம்பத்தகுந்தவர் சொல்லி அறிவது உரை.

யார் நம்பத்தகுந்தவர்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்கு இலக்கணம் சொல்கிறார். ஒரு பொருளை நேராக அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர், அவர்தான் ஆப்தர். இந்த இலக்கணம் ரிஷிக்கும், நம்மவருக்கும், மிலேச்சருக்கும், அதாவது வெளியாருக்கும் ஒன்றுதான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நம்ம ஆள், நம்ம மதம், நமக்குப் பிடித்த செய்தி என்பதெல்லாம் ஒருவரை ஆப்தர் ஆக்காது. முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர் ஆப்தராக இருக்கலாம். நம் சொந்த மாமா ஒரு விஷயத்தில் ஆப்தராக இல்லாமலும் போகலாம். திருவள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் இதே இடத்துக்கு வருகிறார். சொன்னவர் யாராக இருந்தாலும் சொன்னதில் இருக்கும் மெய்யைக் காண்பதுதான் அறிவு என்பது அவர் கருத்து.

ஆகவே பதில் போட்டவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்தப் பதினான்காவது ஆள் கேட்ட கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது

வெட்கத்தோடு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "நின்னா என்ன ஆகும்? உனக்கு இரண்டாம் ஆண்டில் நடத்தினதுதானே?" என்று திருப்பிக் கேட்டார். உரையை விட்டுவிட்டுக் கருதலுக்கு வா என்று அர்த்தம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே பாருங்கள். பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர். (ஏழரை நம்மை விடாது போல!) மூன்று விநாடியில் 22 கிலோமீட்டர் போய்விடும். உட்லண்ட்ஸிலிருந்து மரினா பே வரை நேர்கோட்டில் அவ்வளவு தூரம்கூட இல்லை. நமக்கு எம்ஆர்டியில் முக்கால் மணி நேரம் ஆகிறது.

அந்த வேகம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. செயற்கைக்கோள் எப்போதும் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போவதால், அது விழ விழப் பூமியும் வளைந்து விலகிவிடுகிறது. நிறுத்தினால் நேராகக் கீழே விழ வேண்டியதுதான். நின்ற பிறகு மறுபடியும் ஏழரை கிலோமீட்டர் வேகம் எடுக்க இன்னொரு ராக்கெட் வேண்டும்.

நின்றமாதிரி தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு. அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே கால அளவில் சுற்றுகின்றன. ஆனால் அவை பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் அப்படி நிற்க முடியும். திருநள்ளாறு அதற்குச் சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது. மேலும் அவை மூன்று விநாடி மட்டும் நின்று போவதில்லை, நாள் முழுக்க அதே இடத்தில்தான் தெரியும்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சிங்கப்பூரில் உருவான முதல் செயற்கைக்கோள் எக்ஸ்-சாட். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிஎஸ்ஓ ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி-சி16 ராக்கெட் அதை மேலே கொண்டுபோனது. அப்படி ஒன்றைச் செய்து, பறக்கவிட்டு, தினமும் அதோடு பேசியவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். சாட்டிலைட் விஷயத்தில் ஆப்தர்கள் அவர்கள்தான். நான் அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உண்மை இன்னும் அழகு

இதனால் திருநள்ளாற்றுக்கு ஏதாவது குறைந்துபோனதா? ஒன்றும் குறையவில்லை. தர்ப்பாரண்யேசுவரர் எழுந்தருளியிருக்கும் தலம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். நளனைச் சனி விட்டு விலகிய இடம் என்று தலபுராணம் சொல்லும் தலம். அதற்குச் சாட்டிலைட் வந்து சாட்சி சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பொய்யால் முட்டுக் கொடுத்தால் பக்தி பலமாகாது. நம்மைப் பார்த்துச் சிரிக்க மற்றவர்களுக்கு இடம் கொடுப்பதுதான் மிச்சம்.

உண்மையில் ஆச்சரியப்பட வேண்டிய விஷயம் சனியின் பெயரிலேயே இருக்கிறது. வடமொழியில் அவர் பெயர் சனைச்சரன். மெதுவாக நடப்பவன் என்று பொருள். மந்தன் என்றும் ஒரு பெயர் உண்டு. அதுவும் மெதுவானவன்தான். வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய கோள்களில் மிக மெதுவாக நகர்வது சனி. சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டுகள். பன்னிரண்டு ராசிக்குப் பகிர்ந்தால் ஒரு ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை ஆண்டு. ஏழரைச் சனி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

தொலைநோக்கி இல்லாத காலத்தில், ஒருவர் ஆயுளில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் பார்க்க முடியாத ஒரு கோளை, தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். காண்டலும் கருதலும் சேர்ந்த வேலை அது. பார்த்தவர் பார்த்தபடியே அடுத்தவருக்குச் சொன்னதால்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் யாராவது ஒருவர் சும்மா அடித்துவிட்டிருந்தால் கணக்கு உடைந்திருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

கேட்பதை நிறுத்த வேண்டாம். தெரியாதவரிடமும் கேளுங்கள். கேட்கும் முன் கேள்வியின் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடற்பாலம் எப்போது திறந்தது என்பது ஆவணத்தில் பார்க்கிற கேள்வி. 1924 என்று யாராவது சொன்னால் சரிபார்க்க உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. சாட்டிலைட் நிற்குமா என்பது கணக்குப் போடுகிற கேள்வி. துறை தெரிந்தவரிடம் போக வேண்டும். இந்த விரதத்தை நான் இருக்கலாமா, பாட்டி மருந்தை நிறுத்தலாமா, வீட்டில் நடக்கும் சண்டைக்கு என்ன செய்வது போன்றவை உங்களை அறிந்தவரிடமும் மருத்துவரிடமும் கேட்க வேண்டியவை. அதை முகம் தெரியாதவரிடம் கொண்டு போகாதீர்கள். கீதையின் நான்காம் அத்தியாயத்தில் கண்ணன் ஞானிகளிடம் கற்கும் முறையைச் சொல்லும்போது பணிவு, கேள்வி, சேவை மூன்றையும் சேர்த்தே சொல்கிறார். கேள்வி தனியாக நிற்கவில்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

யாராவது உங்களைக் கேட்டால், தெரிந்த அளவைத் தெரிந்த அளவாகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சுகேசர் மாதிரி "தெரியாது" என்று சொல்லுங்கள். அனுப்பும் முன் ஒருமுறை, "எனக்கு இது எப்படித் தெரியும்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பியை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டேன். "நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி சொல்லிட்டேன். உன்னைச் சிரிக்க வைத்ததற்கு நான்தான் காரணம்" என்றேன். சனைச்சரன் கணக்கை வெள்ளைப் பலகையில் போட்டோம். அவன்தான் வகுத்துப் பெருக்கினான். ஏழரை வந்ததும் ஒரு சின்னச் சிரிப்பு.

கொஞ்ச நேரம் கழித்துக் கை மேலே போனது. "அண்ணா, சனிக்கு வளையம் எப்படி வந்துச்சு?"

அது பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள் என்பது வரை எனக்குத் தெரியும். எப்படி வந்தது என்று தெரியாது. தெரியாது என்றேன். அறிஞர்களே இன்னும் அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிறகு நூலகத்தில் அவனோடு சேர்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. கேள்வி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

குழுவில் பேச

1. கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய ஒரு சமயச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குக் காண்டலா, கருதலா, உரையா? உரை என்றால், சொன்னவர் ஆப்தரா?

2. சுகேசர் இளவரசனிடம் பொய் சொல்லியிருந்தால் யார் யாருக்கு நஷ்டம்?

3. இந்த வாரம் ஒருமுறையாவது "தெரியாது" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது எது தடுத்தது என்று அடுத்த சந்திப்பில் பகிர்ந்துகொள்ளுங்கள்.